தம்பியின் கிடாரும் ஒரு மர ஸ்கேலும்



போன வாரம் நான் ஒரு கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படத்தை என் மருமகள் இங்கே போட்டுவிட்டாள். "சார், இந்த வயசுல கிடார் கத்துக்கிறீங்களா?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஆர்மோனியப் பெட்டியில் தேசிய கீதம் வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கிடார் என் தம்பியுடையது. அதைப் பற்றி எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதில் நான் செய்த இரண்டு தவறுகள் இருக்கின்றன. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

என் தம்பி 1983இல் சிங்கப்பூர் போனான். கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. 1986இல் தூத்துக்குடிக்கே திரும்பி வந்தபோது ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு எலெக்ட்ரிக் கிடாரும் கொண்டுவந்தான். ஜப்பானில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1962ஆம் ஆண்டின் பழைய மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று பெருமையாகச் சொல்வான். "இது எத்தனை மாசச் சம்பளம்ல?" என்று அப்பா கேட்டார். அவன் கடைசி வரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு முப்பது வருடம் கோயில் கொடை, கல்யாண வீடு, கிறிஸ்துமஸ் விழா என்று மெல்லிசைக் குழுக்களில் அந்தக் கிடாரைத்தான் வாசித்தான். பகலில் வெல்டிங் பட்டறை, ராத்திரியில் கச்சேரி. 2022இல் மாரடைப்பில் போய்விட்டான். என்னை விட மூன்று வயது இளையவன்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அவன் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். கம்ப்யூட்டர் வேலை. அவனும் கிடார் வாசிப்பான். அப்பாவின் கிடாரைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தான். கடல் காற்றில் துருப்பிடித்திருந்த பிரிட்ஜ் (கம்பிகள் வந்து உட்காரும் இரும்புத் தகடு), சுருதி கூட்டும் கீகள், கரகரவென்று சத்தம் போட்ட வால்யூம் கன்ட்ரோல்கள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். பளபளவென்று இருந்தது. படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அப்பா வழக்கமாக வாசிக்கும் ஒன்றை வாசித்தான்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே இல்லை. தம்பியின் கிடார் சத்தம் எப்படி இருக்கும் என்றால், வெண்கலச் சட்டியைத் தட்டினால் வரும் அந்த உருண்டையான ஒலி. இதுவோ தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி கூர்மையாக இருந்தது. வீடு நிறைய ஆட்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க அப்பா சத்தத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, பளபளன்னு தகரத்தை மாட்டிக்கிட்டு வந்திருக்கியேல" என்று சொல்லிவிட்டேன். பையன் ஒன்றும் பேசவில்லை. கிடாரை உறையில் போட்டான். சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டான்.

எட்டு மாதம் அவன் எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பெரியவன் என்ற கௌரவம்.

ஒருநாள் தம்பி மனைவிதான் பேச்சை எடுத்தாள். "அத்தான், அவன் ஒரு சாமானையும் தூக்கிப் போடல. அவங்க அப்பா சாமான் ஒவ்வொண்ணையும் பிஸ்கட் டப்பாவில போட்டு பீரோவுல பூட்டி வச்சிருக்கான். உங்ககிட்ட சொல்ல அவனுக்குச் சங்கடம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஊசல் சோதனை நினைவிருக்கிறதா? குண்டின் எடையையும் நூலின் நீளத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எத்தனை முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! பையன் ஒரே சமயத்தில் ஐந்தாறு சாமானை மாற்றியிருந்தான். நான் எதையும் சோதிக்காமல் எல்லாவற்றின் மீதும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

போன் செய்தேன். "பொங்கலுக்கு வா. கிடாரையும் அந்த டப்பாவையும் கொண்டா. நான் பேசினது தப்பு. எது எதனால மாறுச்சுன்னு ஒவ்வொண்ணாப் பாப்போம்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சரி பெரியப்பா, நாலு செட் புதுக் கம்பியும் வாங்கிட்டு வாரேன்" என்றான்.

அவன் வருவதற்குள் நானும் கொஞ்சம் படித்து வைத்துக்கொண்டேன். இந்தக் கிடாரை வடிவமைத்தவர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்டன் என்ற ஊர்க்காரர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. ரேடியோ மெக்கானிக் புத்தி என்பதால், எதைக் கழற்றினாலும் ஒரு திருகாணியில் கழன்று வர வேண்டும், கெட்டால் வேறு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று யோசித்தார். வீணையின் தண்டியைத் தனியாகக் கழற்றி வேறு மாட்டுவோமா? இந்தக் கிடாரில் கழுத்துப் பகுதியைக்கூட நான்கு திருகு கழற்றி மாற்றிவிடலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. 1965இல் நிறுவனம் கைமாறியது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்ஜில் பழைய எஃகுப் பாகங்களுக்குப் பதிலாக அச்சில் வார்த்த கலப்பு உலோகப் பாகங்கள் வந்தன. அந்தக் காலத்து வாசிப்பாளர்கள் பலர், பழையதுதான் நல்லது என்று 1950, 60களின் கிடார்களைத் தேட ஆரம்பித்தார்கள். 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியபோது அந்தப் பழைய மாதிரிகளையே மறுபடி செய்தார்கள். தம்பி வாங்கியது அந்த வழியில் வந்ததுதான்.

ஆக, நானும் பையனும் போட்ட சண்டை புதிதல்ல. உலகம் முழுக்க ஐம்பது வருடமாக நடக்கும் சண்டை அது.

சோதனைக்கு முன் ஒரு அடிப்படை. எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கிறது. காந்தத் துண்டுகளைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல். எட்டாம் வகுப்பில் காந்தத்தைச் சுருளுக்குள் விட்டு எடுத்துக் காட்டினேனே, அதுதான். ஆகவே பிரிட்ஜோ கீயோ தானாக ஒலி தருவதில்லை. கம்பி அதிரும் விதத்தை அவை மாற்றினால்தான் ஒலி மாறும்.

அப்படி மாற்றுமா? மாற்றும். நம் பள்ளிக்கூடத் தண்டவாள மணி உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வருடம் அது கட்டியிருந்த கம்பி அறுந்து, காவல்காரர் அதைத் தூணோடு ஒட்டச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார். தெரு முனை வரை கேட்ட மணி 'டொக்' என்று அடங்கிப்போனது. மறுபடி கம்பியில் தொங்கவிட்டதும் பழைய சத்தம் வந்தது. தண்டவாளத் துண்டு அதேதான். அதைப் பிடித்திருந்த விதம்தான் மாறியது.

கிடார் கம்பிக்கு வேண்டியது நேர் எதிர். அதன் இரண்டு முனையும் ஆடாமல் நிற்க வேண்டும். ஊஞ்சலைப் புளியமரக் கிளையில் கட்டினால் ரொம்ப நேரம் ஆடும். முருங்கைக் கிளையில் கட்டினால் கிளையும் சேர்ந்து ஆடி, ஊஞ்சலின் வேகத்தைத் தின்றுவிடும். பிரிட்ஜ் கனமாக, அசையாமல் இருந்தால் கம்பியின் அதிர்வு மெதுவாகக் குறையும்.

பொங்கல் கழிந்த மறுநாள் ஆரம்பித்தோம். ஒரே அறை, ஒரே ஆம்ப்ளிஃபையர், திருகுகளைத் தொடக் கூடாது என்று செல்லோ டேப் ஒட்டிவிட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஒரே இசைத் துண்டை அவன் வாசிக்க, போனில் பதிவு செய்தோம். பிறகு என் மனைவி சீட்டுக் குலுக்கி, வந்தபடி பத்துத் தடவை போட்டுக் காட்டுவாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து 'பழையது', 'புதியது' என்று தாளில் எழுத வேண்டும். உங்களுக்கெல்லாம் பரீட்சை வைத்தவன் அன்றைக்குப் பரீட்சை எழுதினேன். பத்துக்கு ஐந்து என்றால் தேர்ச்சி என்று நினைக்காதீர்கள். காசைச் சுண்டிப் போட்டாலும் ஐந்து வரும்.

முதலில் கீகள். பழைய துருப்பிடித்த கீ, புதுக் கீ. எனக்கு வந்தது பத்துக்கு ஐந்து. ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. புதுக் கீயில் சுருதி நிற்கிறது என்ற நன்மை மட்டும் உண்டு.

இரண்டாவது கம்பி. அப்பாவின் பழைய கம்பிகளைக் கழற்றும்போது வெட்டித்தான் எடுத்திருந்தான், திரும்ப மாட்ட முடியாது. அவனுடைய இன்னொரு கிடாரில் ஒரு வருடமாகக் கிடந்த கம்பியையும் புதுக் கம்பியையும் ஒப்பிட்டோம். பத்துக்குப் பத்து. வியர்வையும் அழுக்கும் துருவும் ஏறிய கம்பியில் மேல் ஒலிகள் சீக்கிரம் அடங்கிவிடுகின்றன. தம்பி கம்பி அறுந்தால்தான் மாற்றுவான். நான் 'தம்பியின் சத்தம்' என்று நினைத்ததில் பாதி, அழுக்கேறிய கம்பியின் சத்தம்!

மூன்றாவது பிரிட்ஜ். ஸ்ட்ராட்டின் பிரிட்ஜுக்குக் கீழே, உடம்புக்குள் ஒரு உலோகக் கட்டி இருக்கிறது. கம்பிகள் அதன் வழியாகத்தான் மேலே வருகின்றன. தம்பியுடையது முழு எஃகு. பையன் இணையத்தில் வாங்கியது துத்தநாகக் கலவையில் வார்த்தது, மெல்லியது. எதிர்த்த பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தோம். பழையது சுமார் 290 கிராம், புதியது சுமார் 160. இரண்டிலும் புதுக் கம்பி போட்டுப் பார்த்தோம். எனக்குக் கிடைத்தது பத்துக்கு ஏழு. வித்தியாசம் உண்டு, ஆனால் தெருவில் நின்று கேட்டால் தெரியாது. ஒரே சுரத்தைப் பத்துப் பத்து முறை தட்டி, போன் கடிகாரத்தில் பார்த்தோம். புதியதில் சராசரி 11 விநாடி, பழையதில் 13. எஃகு கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது, தொடக்கத்துத் தட்டலும் சற்றுத் தெளிவு. அவ்வளவுதான். எட்டு மாதம் பேசாமல் இருக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

நான்காவது வால்யூம் கன்ட்ரோல். இதில்தான் திருடன் அகப்பட்டான். பழையவற்றில் 250 கே என்று போட்டிருந்தது. பையன் மாட்டியவை 500 கே. கூடுதல் எண் என்றால் கூடுதல் தரம் என்று நினைத்திருக்கிறான். பெரிய இரட்டைச் சுருள் பிக்கப்புக்குத்தான் பொதுவாக 500 போடுவார்கள். இந்த ஒற்றைச் சுருளுக்கு 250. வாய்க்காலில் ஒரு பக்க மடை மாதிரி இது. 250 என்றால் மடை கொஞ்சம் அகலம், கூர்மையான ஒலிகள் கொஞ்சம் வடிந்துவிடும். 500 என்றால் மடை குறுகலாகி அவ்வளவும் வெளியே வரும். எனக்குப் பத்துக்கு ஒன்பது வந்தது. தகரத்தில் ஆணி இழுத்தது இதுதான்.

ஐந்தாவது, காசே செலவில்லாத ஒன்று. துடைத்து மாட்டும்போது பிக்கப்பைக் கம்பிக்கு ரொம்பக் கிட்டத்தில் உயர்த்தி வைத்துவிட்டான், சத்தம் கூடும் என்று. காந்தம் கிட்டே வந்தால் கம்பியைப் பிடித்து இழுக்கும்; தடித்த கம்பியில் மேல் இடங்களில் வாசித்தால் ஒரு சுரம் இரண்டு சுரம் மாதிரி நடுங்கும், சீக்கிரமும் அடங்கும். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, தடித்த பக்கம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். பத்துக்குப் பத்து. நடுக்கம் போய்விட்டது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஐந்து நிமிடம்.

பழைய பிரிட்ஜைத் திரும்ப மாட்டும்போதுதான் பையன் டப்பாவின் அடியில் கிடந்த ஒரு மரத்துண்டை எடுத்தான். "பெரியப்பா, இதுவும் உள்ள இருந்துச்சு. எதுக்குன்னு தெரியல. அப்பா வச்சதுன்னு தூரப் போடல" என்றான்.

பார்த்தேன். அளவாக வெட்டிய மூன்று மரத் துண்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியது. அந்த இரும்புக் கட்டிக்கும் உடம்பின் உட்சுவருக்கும் நடுவே இறுக்கமாகப் பொருந்தியது. இந்தக் கிடாரின் பிரிட்ஜ் பின்னால் உள்ள வில்கம்பிகளின் பலத்தில் முன்னும் பின்னும் அசையும்படி செய்தது. அசையும் பிரிட்ஜில் ஒரு கம்பியை விரலால் வளைத்து இழுத்தால் மற்றவற்றின் சுருதி இறங்கிவிடும். பாட்டின் நடுவில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் ஏறிவிடும். கொடை மேடையில் பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது நின்று சுருதி கூட்ட முடியுமா? அதனால் வில்கம்பிகளை இறுக்கி, மரத்தை அண்டை கொடுத்து, பிரிட்ஜ் அசையாமல் செய்துவிட்டான். எரிக் கிளாப்டன் என்ற பெரிய கிடார்க்காரரும் இப்படி மரம் வைத்து நிறுத்திவிடுவார் என்று பையன் சொன்னான். என் தம்பிக்கு அவர் சொல்லிக்கொடுத்தாரா, வெல்டிங் பட்டறைப் புத்தி சொல்லிக்கொடுத்ததா, இனிமேல் யாரைக் கேட்பது?

மரத்தை வைத்து மாட்டினோம். பதிவில் கேட்டு என்னால் பெரிதாகப் பிரிக்க முடியவில்லை, ஆறுதான் சரி. ஆனால் பையன் ஒரு கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே பக்கத்துக் கம்பியை வளைத்தான். இரண்டும் கலையாமல் சேர்ந்து நின்றன. "பெரியப்பா! இது அப்பா வாசிக்கிறது! எனக்கு வரவே வராது, விரல் பலம் பத்தலைன்னு நெனச்சேன்" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. எனக்கும்தான்.

இனி இரண்டாவது தவறு. அந்த மரத்துண்டை மாட்டும் முன் நான் திருப்பிப் பார்த்தேன். மேல் துண்டில் 4, 5 என்று அங்குல எண்கள். ஓரத்தில் சிவப்பு மையில் '7-ஆ' என்று என் கையெழுத்து. அது என் மர ஸ்கேல்.

1988இல் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்தவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பு ஸ்கேல் காணாமல் போனது என்று உங்கள் எல்லோரையும் ஒரு பீரியடு முழுக்க முட்டி போட வைத்தேன். உங்களில் ஒருவனை, அவன்தான் எடுத்திருப்பான் என்று நானாக முடிவுகட்டி, கையில் இரண்டு அடியும் கொடுத்தேன். அவன் "நான் எடுக்கல சார்" என்றான். நான் நம்பவில்லை. ஸ்கேலை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் மறந்திருக்கிறேன். என் தம்பி அதை எடுத்து அறுத்திருக்கிறான். அது நல்ல பூவரச மரம், அவனுக்கு வேண்டிய பருமன்.

அந்த மாணவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். பெயர் எழுதவில்லை, அவனுக்குத் தெரியும். இப்போது அவனுக்கும் ஐம்பது வயது நெருங்கும். தம்பி, நீ எடுக்கவில்லை. நான்தான் சோதிக்காமல் தீர்ப்புச் சொன்னேன். என்னை மன்னித்துவிடு. முட்டி போட்ட மற்றவர்களும் மன்னியுங்கள்.

கிடார் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கீகள் புதியவை. பிரிட்ஜ் பழையது, துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தோம். கன்ட்ரோல்கள் புதியவை, ஆனால் 250. கம்பி புதியது. மரத்துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பழையது எல்லாம் உயர்வு என்ற என் கட்சியும் தோற்றது, புதியது எல்லாம் உயர்வு என்ற அவன் கட்சியும் தோற்றது.

தம்பியின் சத்தம் திரும்ப வந்துவிட்டதா? பாதி வந்தது. மீதி அவன் விரலில் இருந்தது. அதற்கு மாற்றுச் சாமான் எந்தக் கடையிலும் கிடையாது. ஆனால் பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து எனக்கு வாசித்துக் காட்டுகிறான். போன வாரம் ஒரு இடத்தில் அப்படியே அவன் அப்பா. என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

வீட்டில் யாராவது பழைய பொருளைச் சரிசெய்து கொண்டுவந்தால், உடனே குறை சொல்லாதீர்கள். முதலில் உட்காரச் சொல்லிச் சாப்பாடு போடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

7-ஆ மாணவனே, தூத்துக்குடி பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. அந்த ஸ்கேலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்